இரண்டு தட்டு

விமானம் தானாகப் பின்னால் போவதில்லை. எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நின்ற இடத்திலிருந்து அதை யாராவது பின்னால் தள்ளிவிட்டால்தான் ஓடுபாதையை நோக்கித் திரும்ப முடியும். மீனம்பாக்கத்தில் அப்படித் தள்ளிவிடும் ஆட்களில் நானும் ஒருவன். தள்ளுவது நானில்லை. அதற்கு இழுவை வண்டி இருக்கிறது. அதை ஓட்டுபவர் வேறு. நான் விமானத்தின் மூக்குக்குக் கீழே ஹெட்செட்டைக் காதில் மாட்டி, அதன் ஒயரை முன்சக்கரத்துக்கு அருகில் இருக்கும் துளையில் செருகிக்கொண்டு கூடவே நடப்பவன். மேலே உட்கார்ந்திருக்கும் கேப்டனுக்குத் தன் வால் தெரியாது, சக்கரம் தெரியாது, இழுவை வண்டியும் தெரியாது. அவருக்குத் தெரியாததையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரியாதது அவருடைய முகம் மட்டும்.

வெயில் பட்டால் அந்தக் கண்ணாடிகள் மேகத்தைத்தான் காட்டும். ஆனால் குரல் காதுக்குள்ளேயே இருக்கும். வெளியே இரைச்சல். ஹெட்செட்டின் மெத்தைக்குள் மட்டும் ஒரு சின்ன அறை, அதில் இரண்டு பேர். சில குரல்கள் தூங்கி எழுந்த குரல்கள். சில, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த குரல்கள். எல்லாக் குரல்களும் ஒரே சொற்களைத்தான் சொல்லும்.

அந்தச் சொற்கள் ஒரு வரிசையில் வரும். ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழில் எழுதுகிறேன். கதவுகள் மூடியாகிவிட்டன, சக்கரக் கட்டைகளை எடுத்தாகிவிட்டது என்று நான் சொல்வேன். தள்ளலாம், மூக்கு கிழக்கே இருக்கட்டும் என்பார் அவர். கிழக்கே என்று நான் திருப்பிச் சொல்வேன். பிரேக்கை விடுங்கள் என்பேன். பிரேக்கை விட்டாயிற்று என்பார். அதற்குப் பிறகுதான் இழுவை வண்டிக்காரருக்கு என் கை உயரும். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லாதவரை அது சொன்னதாகக் கணக்கில்லை.

விமானம் நகரத் தொடங்கும் அந்த நொடி எனக்கு இன்னும் பழகவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு சத்தமில்லாமல் நழுவும். நான் நடக்கிறேனா, தரை நடக்கிறதா என்று ஒரு கணம் பிடிபடாது. தரையில் கானல் தண்ணீராக மின்னும். இறக்கை நுனிகளுக்குக் கீழே நிற்பவர்கள் அந்தத் தண்ணீரில் முழங்கால்வரை முங்கியவர்கள்போல் தெரிவார்கள். எங்கள் ஊர் உப்பளத்துக்குள் ஒரு விமானம் வந்து நிற்பதாக நினைத்துக்கொள்வேன்.

பேச்சு நின்றால் வண்டி நிற்க வேண்டும். ஒயர் கழன்றாலும் சரி, நான் தடுக்கி விழுந்தாலும் சரி, கேப்டன் வேறெதையோ பார்த்துக்கொண்டு பதில் சொல்ல மறந்தாலும் சரி. மௌனத்துக்கு எங்கள் வேலையில் ஒரே பொருள்தான்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. தள்ளுவதற்கு முன் முன்சக்கரத்தில் ஓர் இரும்புப் பின் செருகுவோம். விரல் நீளம் இருக்கும். அதில் சிவப்பு நாடா தொங்கும். அது உள்ளே இருக்கும்வரை, கேப்டன் எப்படித் திருப்பினாலும் முன்சக்கரம் திரும்பாது. இல்லாவிட்டால் அவர் தெரியாமல் கொஞ்சம் திருப்பினாலும் இழுவை வண்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி சுழன்று எங்கள் காலை வாரிவிடும். தள்ளி முடித்ததும் அந்தப் பின்னை உருவி எடுத்துக்கொண்டு, விமானத்தை விட்டு விலகி, கேப்டன் பார்க்கும் இடத்தில் நின்று நாடா தொங்கத் தூக்கிக் காட்டுவேன். அதற்குப் பொருள்: உன் சக்கரம் இனி உன் கையில், அந்தப் பின் என் கையில். அவர் பார்த்துவிட்டேன் என்று கை காட்டிய பிறகுதான் நான் நகர்வேன்.

விடுப்பு கிடைத்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்து மரக்காணத்துக்கு வந்துவிடுவேன். எங்கள் வீடும் அக்கா வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவை. அக்கா உப்பளத்தில் கூடை சுமக்கிறாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, அதே உப்பளத்தில் மேஸ்திரியின் லாரியை ஓட்டுகிறார். ஊருக்கு வந்த மறுநாள் காலையில் வரப்பில் கொஞ்ச தூரம் நடப்பது என் வழக்கம். பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். வானம் காலுக்குக் கீழேயும் இருக்கும். தூரத்தில் நிற்கிற லாரி நடுவானத்தில் நிற்பதுபோல் இருக்கும். அதைத் தாங்கிக்கொண்டு இன்னொரு லாரி தலைகீழாக நிற்கும். வெள்ளை, அதற்குமேல் நீலம், மறுபடியும் வெள்ளை. அங்கே நடந்துவிட்டு வீட்டுக்குள் வந்தால், சமையலறையும் சட்டியும் அடுப்பும் தெரியக் கொஞ்ச நேரமாகும்.

அந்த வெள்ளையில்தான் போன பருவத்தில் அது நடந்தது. அன்று நான் ஊரில் இல்லை. அக்கா சொன்னதையும் மாமா சொன்னதையும், லாரியின் மேல் நின்றிருந்த லோடு ஆள் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன்.

உப்பு அம்பாரங்கள் வரப்பின் ஓரத்தில் வரிசையாகக் கிடக்கும். லாரி சாலையிலிருந்து வரப்புக்குள் பின்பக்கமாகவே வரவேண்டும். உள்ளே திருப்ப இடம் கிடையாது. ஓர் அம்பாரம் தீர்ந்தால் அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பெண்கள் கூடையைத் தலையில் கொண்டுவந்து லாரியின் பின்பக்கத்தில் கவிழ்ப்பார்கள். மேலே நிற்கும் லோடு ஆள் அதை மண்வெட்டியால் உள்ளே இழுப்பான். ஏற்றி முடிந்ததும் அவன் லாரியின் பக்கப் பலகையில் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில். இந்தக் கடற்கரையில் பஸ், லாரி, டிராக்டர் எல்லாவற்றுக்கும் இதுதான் பாஷை.

ஈர உப்பு கூடையில் ஒட்டும். கவிழ்த்த பிறகு பெண்கள் கூடையின் விளிம்பை லாரியின் பலகையில் தட்டுவார்கள். ஒட்டியது உதிரும். பெரும்பாலும் இரண்டு முறை தட்டுவார்கள். வெகுகாலமாக எல்லோரும் அப்படித்தான் தட்டுகிறார்கள். ஏற்றும்போது லாரியின் எஞ்சின் அணைந்திருக்கும் என்பதால் அந்தத் தட்டுக்கு யாரும் பொருள் கொண்டதில்லை.

அன்று ஓர் அம்பாரம் தீர்ந்தது. லோடு ஆள் போதும் என்று குரல் கொடுத்தான். மாமா எஞ்சினைப் போட்டுவிட்டு, இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தார். அக்காவின் தலையில் கடைசிக் கூடை ஒன்று மீதி இருந்தது. அதைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். தட்டினாள், இரண்டு முறை.

லாரி பின்னால் வந்தது. லோடு ஆள் கத்தினான், பலகையை மண்வெட்டியால் அடித்தான். அக்கா விலகியபோது வழுக்கி விழுந்தாள். அவளுடைய வலது பாதத்தின் முன்பக்கத்தில் சக்கரம் ஏறியது. மழை பெய்து ஊறியிருந்த வரப்பு என்பதால் பாதம் சேற்றுக்குள் அமுங்கிவிட்டது. எலும்பு விரல்களில் மட்டும் முறிந்தது. காய்ந்த வரப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மூன்று பேரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் பார்க்கப் போனபோது அவள் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள்.

“எல்லா நாளும் தட்றதுதான்டா,” என்றாள். “ஒட்டினு இருந்துச்சி, தட்டுனேன். கூப்புட்டா வராதவரு, அன்னிக்கி கூப்புடாமயே வந்துட்டாரு.”

மாமா சிரிக்கவில்லை. வாசலில் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். “கண்ணாடியில பாத்தேன் மச்சான். ஒண்ணுமே இல்ல. வெள்ளையா இருந்துச்சி.”

கால் ஆறியது. கட்டைவிரலை மட்டும் ஊன்றாமல் அக்கா நடக்கப் பழகிக்கொண்டாள். இந்தப் பருவம் தொடங்கியதும் கூடை சுமக்கவும் போய்விட்டாள். ஆறாதது மாமாதான். லாரியை வரப்புக்குள் எடுக்க மாட்டேன் என்றார். சாலையிலேயே நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். பெண்கள் வரப்பின் முழு நீளத்துக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து வர வேண்டியதாயிற்று.

முதலில் யாரும் குறை சொல்லவில்லை. பாவம் என்றார்கள். வெயில் ஏறிய பிறகு பாவம் குறைந்தது. அக்காவின் கூட்டாளி ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்: “உங்க வூட்டுக்காரரு பயத்த நாங்க தலையில சுமக்கணுமா?”

மேஸ்திரி ஒருநாள் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஏம்பா, இது லாரியா, புது மாப்ளயா? ரோட்ல நிப்பாட்டி மேளம் வெச்சி அழைச்சினு போவணுமா?”

மாமா ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இந்த மாசம் பாப்பேன். அப்புறம் நானு வேற டிரைவர வெச்சிக்குவேன். சொல்லலன்னு சொல்லாத.”

மாமாவுக்கு வேறு வேலை தெரியாது. இளம் வயதிலிருந்து லாரிதான். வீட்டில் அக்கா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கேலி மட்டும் உண்டு. “உங்க மாமா இப்பல்லாம் முன்னாடி மட்டுந்தான்டா போவாரு. தூங்கும்போதுகூட பொரண்டு படுக்கறதில்ல.” அவர் அதற்கும் சும்மா இருந்தார். முன்பு அவள் ஒன்று சொன்னால் இரண்டு திருப்பிச் சொல்கிற மனிதர்.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு மாலை நடந்ததைச் சொல்ல வேண்டும். தள்ளி முடித்தபோது விமானத்தின் மூக்கு மேற்கே இருந்தது. பிரேக் போட்டாயிற்று என்று கேப்டன் சொன்னார். ஒயரைக் கழற்றினேன். பின்னை உருவிக்கொண்டு விலகி நின்று, நாடா தொங்கத் தூக்கிக் காட்டினேன். மேலே கண்ணாடிக்குள் ஒரு கை உயர்ந்தது. வழக்கமாக அத்தோடு திரும்பிவிடுவேன். அன்று சூரியன் அவருக்கு நேர் எதிரே இருந்தது. உயர்ந்த கை நெற்றிக்குப் போன மாதிரி இருந்தது. நான் நகரவில்லை.

இழுவை வண்டிக்காரர் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். “அண்ணே, காட்டிட்டாருல்ல. வாங்க.”

“வெயிலுக்கு மறைச்சாருப்பா.”

“மறைச்சாலும் கை கைதானண்ணே? அவரு எழுந்து நின்னு சலாம் போட்டாத்தான் வருவீங்களா?”

நான் நாடாவை இன்னொரு முறை உயர்த்தினேன். கண்ணாடி முழுவதும் ஆரஞ்சு நிறமாக இருந்தது. உள்ளே மனிதர் இருக்கிறாரா என்றே தெரியவில்லை. காற்றில் நாடா என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. பிறகு முன்சக்கரத்தின் மேலிருந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. பார்த்துவிட்டார். நான் நடந்தேன். வெயிலுக்குக் கையைத் தூக்குவதும் பதிலுக்குக் கையைத் தூக்குவதும் ஒன்று போலவே இருந்ததை நினைத்துக்கொண்டே நடந்தேன். கூடையைத் தட்டுவதும் வா என்று தட்டுவதும் அப்படித்தானே ஒன்றாக இருந்தன. அன்று அக்காவின் தட்டுக்கு மாமா ஒரு பதில் கொடுத்துவிட்டு, அதற்கும் ஒரு பதில் வரும்வரை காத்திருந்திருந்தால் போதும். அப்படி ஒரு வழக்கமே அங்கே இல்லை.

அடுத்த விடுப்புக்கு ஊருக்கு வந்தபோது பையில் ஒரு பச்சைத் துணியும் ஒரு சிவப்புத் துணியும் ஒரு விசிலும் இருந்தன. மேஸ்திரி சொன்ன கெடு மறுநாளோடு முடிகிறது என்று பஸ்ஸில் ஏறும்போதே தெரியும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு அக்கா வீட்டில் அவற்றை எடுத்து வைத்தேன். யார் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கை, எவ்வளவு உயரம் என்றெல்லாம் விளக்கினேன். மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா விசிலை எடுத்து ஊதிப் பார்த்தாள். “ஏன்டா, உப்பளத்துல ரயிலு வுடப் போறியா?”

“சிரிக்காத. பச்சை காட்டினா வரணும்...”

“கொடி காட்டுனா கண்ணாடியில தெரியாது மச்சான்,” என்றார் மாமா, திரும்பாமலே. “பச்சயும் தெரியாது, செவப்பும் தெரியாது. வெள்ளையாத்தான் தெரியும்.”

நான் துணிகளை மடித்தேன். அவர் சொன்னது சரி. அந்த வெளிச்சத்தில் கண்ணை நம்ப முடியாது என்பது, தினமும் அப்படி ஒரு வெளிச்சத்தில் நடக்கிற எனக்கே தோன்றவில்லை.

அக்கா விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். “நீ காதுல மாட்டினு நடக்கறியே, அதுல அவரு இன்னா பேசுவாரு?”

வரிசையாகச் சொல்லிக் காட்டினேன். கதவு, கட்டை, கிழக்கு, பிரேக்.

“அவ்ளோதானா? ஒருத்தரு சொல்றத இன்னொருத்தரு திருப்பிச் சொல்றது. அதுக்கா இவ்ளோ பெரிய ஏர்போர்ட்டு?”

“அவ்ளோதான்.”

“அவரு மூஞ்ச பாத்துருக்கியா?”

“சரியா பாத்ததில்ல. குரல்தான்.”

“மூஞ்சியே தெரியாத ஆள நம்பி அம்மாம் பெரிய வண்டிய வுட்றாரா?”

“ஆமா.”

அவள் விசிலை மடித்த துணிகளின் மேல் வைத்தாள். பிறகு, “நடுவுல நீ பேச்ச வுட்டுட்டீனா?” என்றாள்.

“நின்னுடும். பேச்சு நின்னா வண்டி நிக்கணும். ஏன் எதுக்குன்னு கேக்கறதெல்லாம் அப்புறம்.”

கட்டிலில் மாமாவின் கால் ஆடுவது நின்றிருந்தது. பின்னைப் பற்றியும் சிவப்பு நாடாவைப் பற்றியும் அவள் கேட்காமலே சொன்னேன். அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். போகும்போது, “காலையில நீயும் அளத்துக்கு வா,” என்றாள்.

காலையில் காற்றே இல்லை. பாத்திகளில் ஒரு சுருக்கம்கூடத் தெரியவில்லை. லாரி சாலையில், வரப்பின் வாயில், பின்பக்கத்தை உள்ளே காட்டி நின்றது. மாமா உள்ளே இருந்தார். கொஞ்சம் தள்ளி மேஸ்திரி தன் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். அவருடன் நான் பார்த்திராத ஒருவர் சட்டைப் பையில் கண்ணாடியைச் செருகிக்கொண்டு நின்றார். அவர்தான் புது டிரைவர் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அக்கா தலைத்துணியைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தாள். வலது காதுப் பக்கம் துணி புடைத்திருந்தது. உள்ளே அவளுடைய செல்போன்.

“எல்லாரும் அம்பாரத்துக்கு அந்தாண்ட போங்க,” என்று பெண்களிடம் சொன்னாள். “நா சொல்ற வரிக்கும் வரப்புல ஒரு காலு இருக்கக் கூடாது.” பிறகு அவள் வரப்பில் நிற்காமல், பக்கத்துப் பாத்திக்குள் கணுக்கால் தண்ணீரில் இறங்கினாள். நானும் அவளுக்குப் பின்னால் இறங்கினேன். துணிக்குள் விரலை விட்டு அவள் அழுத்த, லாரிக்குள் மாமாவின் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“கட்ன பொண்டாட்டி போன எடுக்கறாரா பாரு,” என்றாள் அந்தக் கூட்டாளி, அம்பாரத்துக்கு அந்தப் பக்கமிருந்து. சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மணி நின்றது. ஸ்பீக்கரில் மாமாவின் குரல் துணிக்குள்ளிருந்து கேட்டது.

“இன்னா?”

“நாந்தான்.”

“தெரியுது. பேரு வருதில்ல.”

“பின்னாடி வரப்புல யாருமில்ல. நீ சொல்லு.”

“இன்னாத்த?”

“நா சொன்னத.”

வெகு தூரத்தில் சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“பின்னாடி யாருமில்ல,” என்றார்.

“பிரேக்க வுடு.”

“வுட்டுட்டேன்.”

“மெதுவா வா.”

லாரி நகர்ந்தது. தண்ணீருக்குள் இருந்த லாரியும் தலைகீழாக நகர்ந்தது. அக்கா அதன் பின்சக்கரத்தை ஒட்டி, கைக்கு எட்டாத தூரத்தில் நடந்தாள். அவளும் தண்ணீருக்குள் தலைகீழாக நடந்தாள். வா, வா, நேரா வா, இந்தாண்ட கொஞ்சம் ஒடி. ஒடிக்கிறேன். போதும், நேராக்கு. நேராக்கிட்டேன். அவள் குரலும் அவர் குரலும் மாறி மாறி வந்தன. இப்போதெல்லாம் வீட்டில் உப்பு, புளி, கரண்ட் பில்லைத் தவிர எதையும் பேசாத இரண்டு குரல்கள். வெள்ளை வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது. நான் எங்கே இருக்கிறேன், மீனம்பாக்கத்திலா, எங்கள் ஊரிலா என்று ஒரு கணம் மயங்கியது. நடக்கிறது நானா, தரையா என்பதும்.

அப்போது அக்காவின் குரல் நின்றது.

லாரியும் நின்றது.

நான் முதலில் லாரியின் பின்னால் பார்த்தேன். யாருமில்லை. பிறகு அக்காவைப் பார்த்தேன். அவள் வரப்பில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றுமில்லை, மற்ற இடம் போலவே மண், மற்ற இடம் போலவே உப்புப் பூத்திருந்தது. எங்கள் கால்கள் கலக்கிய தண்ணீர் மெதுவாக அடங்கியது. உடைந்து கிடந்த தலைகீழ் லாரி துண்டு துண்டாகச் சேர்ந்து முழுதானது.

“ஏ,” என்றது துணிக்குள் குரல். “இருக்கறியா?”

“இருக்கறேன்.”

“காலு?”

“ஒண்ணுமில்ல. நல்லாருக்குது. ஏன் நிறுத்திட்ட?”

“நீ பேசலியே.”

அவள் தலைத்துணியின் முனையால் மூக்கைத் துடைத்தாள். போன் நழுவப் பார்த்தது. பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டாள்.

“இந்த எடந்தான்,” என்றாள்.

“தெரியும்.”

“உனக்குத்தான் எல்லாம் வெள்ளையா இருக்குதே, எப்பிடித் தெரியும்?”

“இது தெரியாதா எனக்கு.”

அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அக்கா பின்னால் ஒருமுறை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். “செரி. பின்னாடி யாருமில்ல. வா.”

“யாருமில்ல. வர்றேன்.”

சக்கரம் அந்த இடத்தைக் கடந்தது. மீதி தூரத்துக்கு அவள் பேச்சை விடவே இல்லை. சொல்ல எதுவும் இல்லாதபோதும் வா வா என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். அம்பாரத்தின் அருகே வந்ததும் நிறுத்து என்றாள். நிறுத்திட்டேன் என்றார். பிரேக்கு என்றாள். போட்டுட்டேன் என்றார். அதன் பிறகுதான் அவள் வரப்பில் ஏறிச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையை வைத்தாள். சாலைப் பக்கம் பார்த்தேன். மேஸ்திரி பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார். புது டிரைவர் பின்னால் ஏறிக்கொண்டார். போகிற போக்கில் மேஸ்திரி எங்களைப் பார்த்துக் கத்தினார்: “எப்பா, புருசன் பொண்டாட்டி பேசறதுக்கு என் லாரிதான் கெடச்சிதா!” அவருடைய கெடு அத்தோடு போயிற்று. வேறு யாரும் அதைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

ஏற்றத் தொடங்கினார்கள். தலைத்துணிக்குள் போன் அணையாமலே இருந்தது. வெயில் ஏறியது. கடல் காற்று வந்து தண்ணீரில் இருந்த வானத்தைக் கலைத்தது. முதல் அம்பாரம் தீரும்போது லோடு ஆள் போதும் என்று குரல் கொடுத்தான். அக்கா சக்கரக் கட்டையை எடுத்தாள். எடுத்ததை ஓரமாகப் போடாமல், லாரியின் முன்பக்கத்துக்கு நடந்தாள். மாமா பார்க்கும் இடத்தில் நின்று, கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அதில் நாடா இல்லை. ஈர உப்பு மட்டும் ஒட்டியிருந்தது. மாமா கையை உயர்த்தினார். அவள் இறக்கவில்லை. அவர் இன்னொரு முறை உயர்த்தி, தலையையும் ஆட்டினார். பிறகுதான் இறக்கினாள். எஞ்சின் ஓடத் தொடங்கியது.

அவள் பின்பக்கம் திரும்பி வந்தபோது, அம்பாரத்தின் அடியில் யாரோ நிரப்பி வைத்த கூடை ஒன்று மிச்சமிருந்தது. அதைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். கவிழ்த்தாள். கூடையின் விளிம்பைப் பலகையில் தட்டினாள், இரண்டு முறை.

எல்லாப் பெண்களும் அப்படியே நின்றார்கள். லோடு ஆள் மண்வெட்டியைப் பாதியில் பிடித்தபடி இருந்தான். எஞ்சின் அதே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் அசையவில்லை. அவள் வேண்டுமென்றே தட்டினாளா, கை பழக்கத்தில் தட்டினாளா என்று நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

“ஏ, அது நீதான?” என்றது துணிக்குள் குரல்.

“நாந்தான். உப்பு ஒட்டினு இருக்குது.”

“செரி, தட்டிக்கோ.”

அவள் இன்னும் இரண்டு முறை தட்டினாள். உப்பு உதிர்ந்தது.